இருபத்திரண்டு ஷட்டில்

ஆயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய். சமியுல்லா எல்லப்பனுக்குத் தர வேண்டிய தொகை அதுதான். ஷட்டில் ஒன்று எண்பத்தைந்து ரூபாய் என்று வைத்து, இருபத்திரண்டு ஷட்டிலுக்கான காசு.

திருத்தணி பைபாஸ் ஓரம் லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மண் கோர்ட் இருக்கிறது. அங்கே ஆடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். எந்த ஆட்டத்தில் ஷட்டில் உடைகிறதோ, அந்த ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஷட்டிலை வாங்க வேண்டும். சமியுல்லா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. மேலே எழும்பி ஓங்கி அடித்தால் ஷட்டில் வாயைப் பிளந்துவிடும். அடித்து உடைப்பதும் அவர்தான், கடைசியில் தோற்பதும் அவர்தான். ஏனென்றால் எல்லப்பன் அடிக்க மாட்டான். எடுப்பான். எத்தனை முறை அடித்தாலும் எடுத்து எடுத்துப் போடுவான். எதிரில் இருப்பவருக்கு மூச்சு வாங்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பான். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் லுங்கி பண்டல்களை முப்பது வருஷமாக முதுகில் ஏற்றி இறக்கிய உடம்பு அது. அவசரம் என்பதே அதற்குத் தெரியாது.

தோற்றதும் சமியுல்லா பையைத் தடவிப் பார்ப்பார். பிறகு, "எழுதிக்கோ நைனா" என்பார். எல்லப்பன் தன் கூலியிலிருந்து ஷட்டில் வாங்கிப் போட்டு, ஷெட் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பான். இருபத்திரண்டாவது கோட்டுக்குப் பிறகு ஷெட் முதலாளி சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார். கோடுகள் போய்விட்டன. கணக்கு மட்டும் இருவர் மனதிலும் அப்படியே நின்றது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சமியுல்லாவின் வலது முட்டி மடங்க மறுத்தது. தரையில் உட்கார்ந்து எந்திரம் பிரிக்க முடியாதவர் மெக்கானிக் கடை வைத்து என்ன செய்வார்? கடையை மூடிவிட்டு அரக்கோணத்தில் தம்பி வீட்டுக்கு மனைவி ஆலம் பீயோடு போனார். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்துவிடுவார். கடனைக் கொடுக்கத்தான்.

"இந்தா நைனா, முழுசா கீது."

"இப்ப இன்னாத்துக்கு பாய்? அடுத்த மாசம் ஒரு செலவு கீது. அப்ப வாங்கிக்கிறேன்."

எட்டு முறையும் இதே பதில்தான். ஒரு மாதம் எல்லப்பன் வீட்டில் சிலிண்டர் தீர்ந்து, பத்து நாள் விறகில் சமைத்தார்கள். அந்த மாதமும் வாங்கவில்லை. வாங்கிவிட்டால் முட்டி வலியோடு இவர் எதற்காக ரயிலேறி வரப்போகிறார்? கடன் இருக்கிறவரை ஆள் வருவார். வந்தால் டீ குடிப்பார்கள். கோர்ட் ஓரம் கவிழ்த்துப் போட்ட தார் டிரம்மில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களைக் குறை சொல்வார்கள். மற்ற நாட்களில் பண்டல் தூக்கும்போது எல்லப்பன் மனதுக்குள் சமியுல்லாவோடு ஆடிக்கொண்டிருப்பான். அவர் அடிப்பார், இவன் எடுப்பான். லாரி நிறைந்தபிறகும் அந்த ஷட்டில் கீழே விழாது.

ஒன்பதாவது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கோர்ட்டில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. உலக பாட்மிண்டன் சங்கத்திலேயே இருபத்தொரு பாயிண்ட் ஆட்டத்தைப் பதினைந்தாகக் குறைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு வந்து, நம் கோர்ட்டிலும் குறைக்க வேண்டும் என்று கிளப்பியவள் ஷோபனா. நர்ஸ். எட்டரைக்கு டூட்டி.

"கோர்ட்டு ஒண்ணு, ஆளு பதினாலு. ஆறு மணிக்கு வந்து நெட்டு கட்றது நானு. என் டர்ன் வர்றதுக்குள்ள டூட்டிக்கு நேரமாய்டுது. பதினஞ்சு வெச்சா எல்லாரும் ஒரு கேம் ஆடலாம்ல?"

"பதினஞ்சுல இன்னாம்மா ஆடறது? வேர்க்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் வீரபத்திரன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டின் பணப்பெட்டியும் ஷட்டில் டப்பாவும் அவர் பொறுப்பு.

"உங்களுக்கு வேர்க்கணும்னா மலைப்படி ஏறுங்க சார். முந்நூத்தி அறுபத்தஞ்சு படி கீது."

எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணினார் வீரபத்திரன். பதினைந்துக்கு ஏழு பேர். இருபத்தொன்றுக்கு ஆறு. எல்லப்பன் எதற்கும் கை தூக்கவில்லை.

"இன்னா எல்லப்பா? நீ இதுல கை தூக்குனா ஏழுக்கு ஏழு. இருக்கறது இருக்கற மாதிரியே போவும்."

"எனுக்கு இருபத்தொண்ணே கம்மி" என்றான் எல்லப்பன். "பழைய கணக்கு எப்பிடி இருந்துச்சி? சர்வீஸ் போடறவன் ஜெயிச்சாத்தான் பாயிண்ட்டு. எதிராளி ஜெயிச்சா சர்வீஸ் மட்டும் கை மாறும். காமணி நேரம் ஆடுவோம், மூணுக்கு ரெண்டு அப்பிடியே நிக்கும். அது ஆட்டம்."

"அது ஆட்டம் இல்லணா, தவம்" என்றாள் ஷோபனா.

அப்போதுதான் ஷெட் ஓரமாகச் சமியுல்லா வந்தார். வழக்கமான வேட்டி இல்லை. பேன்ட்டும் இஸ்திரி போட்ட சட்டையும். தோளில் பழைய ராக்கெட் உறை.

"பெங்களூருக்குப் போறேன் நைனா. நஸியா வந்து கூட்டிகினு போவுது. அங்கியே இருந்துடுங்கன்னுது. முட்டிக்கு ஆபரேசனும் அங்கதான். ஆலம் பீயும் நஸியாவும் சாமானோட ஸ்டேசன்ல உக்காந்துகினு கீறாங்க. உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் இங்க வந்தோம். எட்டரை வண்டியில திரும்ப அரக்கோணம் போயி பெங்களூரு வண்டி மாறணும்."

மகள் வீட்டுக்குப் போகிறார், நல்ல விஷயம். எல்லப்பன் அப்படித்தான் சொன்னான். சொல்லிவிட்டு நெட் கட்டியிருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சமியுல்லா சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். "இன்னிக்கி அடுத்த மாசம்னு சொல்லாதே. கடனோட ஊரத் தாண்டக் கூடாது நானு. எங்களுக்கு அது ஆவாது. உனுக்குத் தெரியும்."

"எனுக்கு வேணாம் பாய்."

"வேணாம்னா மனசார விட்டுட்டேன்னு சொல்லு."

அதையும் எல்லப்பனால் சொல்ல முடியவில்லை. வாங்கினாலும் முடிந்தது, விட்டாலும் முடிந்தது. கடைசியில் அவன் சொன்னது வேறு.

"ஆடித் தீத்துக்கலாம். நான் ஜெயிச்சா காச வாங்கிக்கிறேன். நீ ஜெயிச்சா கடன் இல்ல. ஆனா பழைய கணக்கு. பதினஞ்சு பாயிண்ட்டு, சர்வீஸ் போட்டவனுக்குத்தான்."

"இந்த முட்டிய வெச்சிகினா?" சமியுல்லா சிரித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழேகால். உறையிலிருந்து ராக்கெட்டை உருவினார். எடுத்துக்கொண்டு வந்ததே அதற்காகத்தான் என்பது யாருக்கும் புரியாமல் இல்லை.

"என் டர்ன்னு" என்றாள் ஷோபனா. பிறகு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி ஆடுங்க. நான் பாயிண்ட்ட எண்றேன்" என்று டிரம்மில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள்.

ஓடவே முடியாதவர் ஆடும் ஆட்டம் எப்படி இருக்கும்? நின்ற இடத்திலிருந்தே சமியுல்லா ஷட்டிலை மூலைக்கு மூலை வைத்தார். எல்லப்பன் ஓடினான். அவனும் அவருக்கு எட்டாத இடத்தில் போடவில்லை. அவர் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் கொஞ்சம் சிரமப்படுகிற மாதிரி போட்டான். இப்படிப் போட்டால் ஷட்டில் விழாது, நேரம் போகும். "சர்வீஸ் ஓவர்" என்றார் வீரபத்திரன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "சர்வீஸ் ஓவர்." மலைமேல் ஒலிபெருக்கியில் பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. கணக்கு இரண்டுக்கு ஒன்றில் நின்றது. மூன்றுக்கு இரண்டு. சமியுல்லா எட்டு, எல்லப்பன் நாலு. பிறகு எல்லப்பன் ஒவ்வொன்றாக ஏறி வந்தான்.

எல்லப்பனுக்கு வேர்த்தது. மூச்சு சீராக வந்தது. எதிரே அந்தக் காய்ப்பேறிய கை மேலே போவதும் இறங்குவதும். இது எட்டரைக்கு முடிய வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஜெயித்தால் இந்த ஆட்டம் மதியம் வரைக்கும் போகும், சாயங்காலம் வரைக்கும் போகும்.

சமியுல்லாவின் செல்போன் அடித்தது. "ஆங், வரேன் ஆலம் பீ. இன்னும் ரெண்டே பாயிண்ட்டு." பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. "ரெண்டே பாயிண்ட்டு" என்றார் மறுபடியும்.

"அந்த ரெண்டு பாயிண்ட்டு வர்றதுக்குள்ள வண்டி அரக்கோணம் போய்டும் பாய்" என்றார் வீரபத்திரன்.

ஒன்பதுக்கு ஒன்பது. நீளமாகப் போன ஒரு பாயிண்ட்டின் முடிவில் எல்லப்பன் ஒன்றை உயரமாகத் தூக்கிப் போட்டான். சமியுல்லாவுக்குப் பழைய ஞாபகம். முட்டியை மறந்து எழும்பி ஓங்கி அடித்தார். ஷட்டில் நெட்டைத் தாண்டி, எல்லப்பனின் ராக்கெட்டில் பட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. சமியுல்லாவும் இறங்கிய இடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தரையில் உட்கார முடியாதவர் உட்கார்ந்துவிட்டார்.

எல்லப்பன் நெட்டுக்குக் கீழே குனிந்து ஓடி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். பண்டல் தூக்குகிற பிடி. தூக்கியபோதுதான் சமியுல்லாவின் இரண்டு காலும் நடுங்குவது தெரிந்தது. இப்போது விழுந்ததில் வந்த நடுக்கம் இல்லை அது. ரொம்ப நேரமாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் ஷோபனா, செல்போனைக் காட்டி. "கோச்சிக்காதீங்க. நான் ரெண்டு கணக்குலயும் எண்ணுனேன். புதுசா சொல்றோமே, யாரு ஜெயிச்சாலும் பாயிண்ட்டு, மொத்தம் பதினஞ்சு. அந்தக் கணக்குல இது எப்பவோ முடிஞ்சிட்ச்சி. பாய் பதினஞ்சு, நீங்க பதினொண்ணு. அப்ப மணி ஏழே முக்கா."

"தெரியும்மா" என்றார் சமியுல்லா. "நானும் அப்பிடித்தான் எண்ணிகினு இருந்தேன்."

எல்லப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சும் எதுக்கு ஆடுன? இந்தக் காலோட?"

"நீ நிறுத்தலியே நைனா."

எட்டு மாதமாக இவன் ஒருவன் மட்டும்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதாக எல்லப்பன் நினைத்திருந்தான். அப்படி இல்லை. அந்தப் பக்கமும் ஒரு கை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கால் நடுங்க நடுங்க.

எல்லப்பன் அவரை டிரம்மில் உட்காரவைத்தான். பிறகு வலது கையைத் தூக்கினான்.

"பதினஞ்சு. என் கையையும் சேத்துக்கோ வீரபத்திரா. எட்டுக்கு ஆறு."

"யோவ், ஆட்டத்துக்கு நடுவுல கணக்க மாத்தக் கூடாதுயா!"

"உலகத்துக்கே மாத்தப் பாக்கறாங்களாம். இங்க மாத்துனா இன்னா? ஆட்டம் ஏழே முக்காலுக்கே முடிஞ்சிட்ச்சி. பாய் ஜெயிச்சிட்டாரு. ஆயிரத்தி எண்ணூத்தி எழுவது, இல்ல."

சமியுல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசாரவா?"

"மனசார."

சமியுல்லா பிளந்து கிடந்த ஷட்டிலைக் கண்ணால் காட்டினார். அவர் குரலில் ஒரு குறும்பு வந்தது. "அப்ப வழக்கம் இன்னா சொல்லுது? ஷட்டில் ஒடஞ்ச ஆட்டத்துல தோத்தவன் நீ. ஒரு ஷட்டிலு நீ எனக்குக் கடன். இப்ப அவசரம் இல்ல நைனா. ஆபரேசன் முடிஞ்சி அடுத்த வருசம் வரும்போது வாங்கிக்கிறேன்."

அவர் எதைக் கொடுக்கிறார் என்று எல்லப்பனுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக இவன் பிடித்துக்கொண்டிருந்த நுனியை இப்போது இவன் கையிலேயே திரும்ப வைக்கிறார். தலையாட்டினால் போதும். பண்டல் தூக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள ஒன்று இருக்கும். ஆனால் அந்தக் கால்களோடு அவர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, திருத்தணியில் ஒரு கணக்கு பாக்கி, போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எல்லப்பன் டவுசர் பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்தான். இப்போது ஷட்டில் விலை நூற்றுப்பத்து. எண்ணி வீரபத்திரன் கையில் வைத்தான்.

"டப்பாவுலேர்ந்து புதுசு ஒண்ணு குடு."

வாங்கிய ஷட்டிலைச் சமியுல்லாவிடம் நீட்டினான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கார்க்கைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஷோபனாவின் பக்கம் போட்டார். "உன் டர்ன் போய்ட்ச்சேம்மா. நீ ஆடு."

மணி எட்டு. வீரபத்திரன் தன் வண்டியைக் கிளப்பினார். எல்லப்பன் சமியுல்லாவைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்து, வலது காலைத் தூக்கி மிதிக்கட்டையில் வைத்தான். ராக்கெட் உறையை மடியில் கொடுத்தான்.

"பார்த்துப் போ பாய்."

"ஆங்."

யாரும் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. வண்டி ஷெட் மூலையில் திரும்பியது. பின்னால் கோர்ட்டில் ஷோபனா "லவ் ஆல்", இரண்டு பக்கமும் பூஜ்யம், என்று சொல்லி சர்வீஸ் போட்டாள்.