நாய் வரியும் பதினோரு மாடுகளும்

மலாக்காவுக்கு ஆலோசனை சபை ஒன்று வரப்போகிறது என்று செய்தி பரவிய வாரத்தில், ஊரிலிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. வக்கீல் படுத்தார். அவருக்கு மருந்து கொடுக்க வேண்டிய டாக்டரும் படுத்தார். நகைக்கடைக்காரர் ஒருவர், பினாங்கில் இறந்துபோன அத்தைக்கு இரண்டாவது முறையாகக் கருமாதி செய்யக் கிளம்பிப் போனார். தப்ப வழியில்லாமல் மூன்று பேர் சிக்கினார்கள். நாலாவது மெம்பராக, எழுந்து நிற்கத் தெம்புள்ள ஆளாகக் கடைசியில் அகப்பட்டது காஜா பெராங் வட்டாரத்து வண்டிக்காரர் தம்பிராஜாதான். பழைய போட்டோ ஒன்றில் அவர் பெயருக்குக் கீழே ‘வண்டிக்காரர் சங்கத் தலைவர்’ என்று எழுதியிருந்தது. போட்டோ எடுத்த அன்றோடு சங்கம் கலைந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அதே வாரம் திங்கட்கிழமைதான் ஜப்பான் அரசாங்கம் அவருடைய ஒரே மாடான செவலையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி வரியை மூன்று மடங்காக்கியிருந்தார்கள். கட்டாதவன் மாடு தெங்கேராவிலுள்ள மாட்டுப் பட்டிக்குப் போகும். பட்டியிலிருந்து வெள்ளிக்கிழமை காலை லாரி ஏறிப் பட்டாளத்து அடுப்புக்குப் போகும். திங்கட்கிழமை மாட்டைப் பிடித்த அதே அரசாங்கம் செவ்வாய்க்கிழமை அவருக்கு மாலை போட்டது. சபை கூடுவது வியாழக்கிழமை.

செவலை இல்லையென்றால் வண்டி வெறும் விறகு. வண்டி இல்லையென்றால் மரவள்ளிக்கிழங்கு சுமந்து கூலி வாங்க வழியில்லை. அப்புறம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவன், “சும்மாதானே இருக்கே, வா” என்று கூப்பிடுவான். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். தம்பிராஜாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை குமாஸ்தா கருணாகரன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். வெள்ளைக்காரன் காலத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானோ, இப்போதும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். கொடி மாறியது, நாற்காலி மாறவில்லை.

“இதுதாண்ணே உங்க கேள்வி. நாலாம் நம்பர். மனப்பாடம் பண்ணிக்குங்க.”

“கேள்வியை நாந்தானே கேக்கணும்? நீ எதுக்கு எழுதிக் கொண்டார்றே?”

“பதிலைப் போன வாரமே எழுதியாச்சு. கேள்வி அதுக்குத் தோதா இருக்க வேணாமா?”

சீட்டில் மலாயில் இப்படி இருந்தது: ‘மக்கள் மேலும் அதிக வரி செலுத்த ஆவலாக இருப்பதை அரசாங்கம் அறியுமா?’

சிவகாமசுந்தரி எட்டிப் பார்த்தாள். புருஷன் படித்துச் சொன்னதும் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்தாள்.

“இதைக் கேட்டுட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவீங்க? கேக்குறதுன்னா மாட்டைப் பத்திக் கேளுங்க. இல்லாட்டி நுகத்தடியில உங்களையே கட்டிருவேன், பார்த்துக்குங்க.”

“கேட்டா தலை போயிரும்டி.”

“மாடு போனாலும் தலை போகத்தான் போவுது. கேட்டா ரெண்டு வாரம் முந்திப் போவும், அவ்வளவுதானே!”

அவள் கணக்கில் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

வியாழக்கிழமை பண்டார் ஹிலிரில் சபை கூடியது. ஜப்பான் கணக்குப்படி ஆண்டு 2604 என்று சுவரில் எழுதியிருந்தார்கள். ஜப்பான்காரன் வந்த அன்றே ஊருக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது. புத்தி மட்டும் கூடவில்லை. எல்லாரும் கிழக்கே திரும்பி, தோக்கியோவில் இருக்கிற சக்கரவர்த்தியின் அரண்மனையை நோக்கி வணங்கினார்கள். கவர்னர் நடுவில், வரி அதிகாரி அவருக்கு வலப்பக்கம், போட்டோக்காரன் எல்லா இடத்திலும்.

மெம்பர்கள் நாலு பேர். முதல் கேள்வி ஜாலான் துக்காங் எமாஸ் தெரு மளிகை வியாபாரி ஜெய்னுலாப்தீனுக்கு. இரண்டாவது சீன முதலாளி, தவுக்கே ஒருவருக்கு. மூன்றாவது, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி சமூகத்துப் பெரியவர் ராஜரத்தினம் பிள்ளைக்கு. பிள்ளைக்கு எழுபத்தெட்டு வயது, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். நாலாவது நம்மவர்.

ஏற்பாடெல்லாம் கச்சிதம். கேள்விகளைத்தான் அரசாங்கமே எழுதிவிட்டதே, அதனால் அவற்றை ஜப்பான் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. மெம்பர் எழுந்து மலாயில் கேட்பார். வரி அதிகாரி வரிசைப்படி தன் தாளைப் படிப்பார். துபாஷி அந்தப் பதிலை மட்டும் மலாயில் சொல்வார். யாரும் யாருக்கும் காது கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கெடுத்தது ராஜரத்தினம் பிள்ளை வீட்டுக் கடிகாரம். ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஏற்றபடி ஒன்றரை மணி முன்னால் தள்ளியிருந்தார்கள். பிள்ளை மட்டும், சூரியன் தோக்கியோவைக் கேட்டா உதிக்கிறது என்று சொல்லிப் பழைய நேரத்திலேயே இருந்தார். மெம்பர்கள் உட்காராமல் அவருக்காகக் காத்து நின்றதில் கவர்னருக்கு முகம் சிவந்தது. சரி, உட்காருங்கள் என்று சைகை வந்து எல்லாரும் உட்கார்ந்த சமயம் பார்த்துக் கிழவர் தடி ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஜெய்னுலாப்தீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்குக் கொடுத்திருந்த கேள்வி நாய் வரியைப் பற்றியது. ‘எனக்கும் நாய்க்கும் என்னா சம்மந்தம்?’ என்று மூன்று நாளாகக் குமைந்துகொண்டிருந்தார்.

“பெரியவரு இருக்கையில நான் முந்திப் பேசுறது மரியாதை இல்லே. நீங்க மொதல்ல,” என்றார் மலாயில்.

“சேச்சே, முதல் நம்பர் உங்களோடது. நீங்க மொதல்ல,” என்றார் பிள்ளை.

“வயசுக்கு மரியாதை வேணாமா?”

“நம்பருக்கு மரியாதை வேணாமா?”

நாற்பது வருஷமாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய்வருகிற மனிதர்கள். கல்யாணப் பந்தியில் கைகழுவக்கூட ‘நீங்க, நீங்க’ என்று கால் மணி நேரம் நிற்பவர்கள். வரி அதிகாரியின் காது மடல் துடிக்க ஆரம்பித்தது.

பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு வயசாளி நிற்கத் தான் உட்கார்ந்திருப்பது தம்பிராஜாவுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய நாற்காலிதான் கதவருகே இருந்தது. “உக்காருங்கய்யா” என்று எழுந்து இடம் கொடுத்தார். எழுந்து நின்றவன்தான் கேட்கப்போகிறவன் என்று அதிகாரி நினைத்துவிட்டார். விரலை நீட்டி ஒரு அதட்டல் போட்டார்.

தம்பிராஜாவின் சீட்டு பையில் இருந்தது. நுகத்தடி கண்முன் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எந்த அரசாங்கத்தையும் எதுவும் கேட்டறியாத மனிதர், வாயைத் திறந்தார்.

“ஏழை வண்டிக்காரன் மேல மூணு மடங்கு வரி போட்டிருக்கீங்க. அந்தப் பணத்துல ஆபீசருங்க வீட்டுக்குத் தோட்டம் போடுறீங்க. கட்ட முடியாதவன் மாட்டைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. இந்த வரியை எடுத்துட்டு, மாட்டைத் திருப்பித் தருவீங்களா?”

துபாஷி கண்ணை மூடிக்கொண்டார். மூலையில் கருணாகரனின் பென்சில் உடைந்தது. அதிகாரி, முதல் தாளை எடுத்துக் கணீரென்று படித்தார். துபாஷி அதை மலாயில் சொன்னார். சொல்லாவிட்டால் அவர் தலை போகும்.

“இது ஆங்கிலேயர் விட்டுப்போன கொடுமையான வரி. இன்றோடு ஒழிந்தது. பிடிக்கப்பட்ட பிராணிகள் அனைத்தும் இன்றே திருப்பித் தரப்படும்.”

கவர்னர் தலையாட்டினார். போட்டோக்காரன் வெளிச்சம் போட்டான். தம்பிராஜாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து ஜெய்னுலாப்தீன் வேறு வழியின்றி எழுந்து, நாய் வரியை நீக்குவீர்களா என்று கேட்டார். இரண்டாம் தாள் பதில் சொன்னது: “ஒரு படுக்கைக்கு இருவராகப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி வருகிறோம்.” தவுக்கே ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கேட்டார். “குண்டு குழியில் கல் போட்டுத் தார் ஊற்றி உருளை ஏற்றுகிறோம். ஒரு மாதத்தில் எல்லாம் தட்டையாகிவிடும்.” பிள்ளை சாலைகளைப் பற்றிக் கேட்டார். “ஆம், அவர்களுடைய கண்ணில் ஆனந்தக் கண்ணீரை நாங்களே பார்த்தோம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தவுக்கே மட்டும் தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளி ரத்தம் கட்டவைத்துக்கொண்டார்.

சபை கலைந்ததும் கேள்வி கேட்டவர்களுக்கு அவரவர் பதிலின் பிரதி, ஜப்பான் சொல்லுக்குக் கீழே மலாய்ச் சொல் எழுதி, கவர்னர் முத்திரையோடு, ஞாபகார்த்தமாக வழங்கப்பட்டது. முதலில் கேட்டவருக்கு முதல் தாள். அதைக் கொடுக்கும்போது கருணாகரன் தம்பிராஜாவின் காதருகே குனிந்தான்.

“அண்ணே, நாளைக்குள்ள கண்டுபிடிச்சிருவானுங்க. இன்னிக்கே போயிருங்க. ஓடுங்க!”

தம்பிராஜா தெங்கேராவுக்கு ஓடினார். பட்டியில் பதினோரு மாடுகள் நின்றன. செவலை மூன்று நாளில் விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. காவல் சிப்பாய் முத்திரையைக் கண்டதும் விறைத்து நின்று, தாளையே மூன்று தடவை வணங்கிவிட்டு, எந்த மாடு என்று கையால் கேட்டான்.

செவலையின் கயிற்றைப் பிடித்தாயிற்று. வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் நின்றது அடுத்த வீட்டு அப்பாசாமியின் வெள்ளை மாடு. அதற்கப்பால் நின்ற ஒவ்வொன்றும் யார் வீட்டுச் சோறு என்று அவருக்குத் தெரியும். தாளில் ‘அனைத்தும்’ என்று இருந்த இடத்தைச் சிப்பாய்க்கு விரலால் காட்டினார். சிப்பாய் மறுபடியும் வணங்கிவிட்டுக் கதவை அகலத் திறந்தான்.

பதினோரு மாடுகளோடு அவர் காஜா பெராங்குக்குள் நுழைந்தபோது தெருவே கூடிவிட்டது. கேட்டதை வார்த்தை மாறாமல் ஏழு தடவை சொல்லச் சொன்னார்கள். எட்டாவது தடவை கேட்காமலே சொன்னார். சிவகாமசுந்தரி, இருந்த கடைசிப் பிடி அரிசியை உலையில் போட்டாள். அது போதும் அவருக்கு.

சனிக்கிழமை பத்திரிகையில் போட்டோ வந்தது. கீழே: ‘நாய் வரியை நீக்குமாறு கோரிய மெம்பர் தம்பிராஜா. அரசாங்கம் கருணையோடு இசைந்தது.’

அரசாங்கம் தப்பு செய்யாது. கவர்னர் தலையாட்டிய பதிலில் தப்பு இருக்கவே முடியாது. ஆகவே தப்பு கேள்வியில்தான் இருக்க வேண்டும். பதிலை வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கருணாகரன் ஒரு கட்டு அச்சடித்த படிவப் பாரங்களோடு வந்தான். கூடவே இடுப்பில் வாளோடு ஒரு ஜப்பான் ஆபீசர். வாசலில் செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, நாய் வரியைப் பத்தித்தான் கேட்டேன்னு இதுல கையெழுத்துப் போடணும்.”

“நான் கேட்டது மாட்டைப் பத்தி.”

“எனக்குத் தெரியாதா?”

“என் ஆயுசுல நான் கேட்ட ஒரே கேள்விடா அது!” தம்பிராஜா பாரத்தைத் தள்ளிவிட்டார். “அதையும் புடுங்கிக்கிறீங்களே?”

கருணாகரன் ஆபீசரைப் பார்க்காமலே மெல்லச் சொன்னான்.

“பட்டியிலேருந்து வந்ததெல்லாம் நாய்தான்னா அரசாங்கம் சொன்னது சரி. மாடுன்னா அரசாங்கம் தப்பு. தப்புன்னு ஆயிட்டா பதினொண்ணையும் திருப்பிக் கொண்டு போவாங்க, உங்களையும் சேத்து.”

வேலிக்கு அப்பால் அப்பாசாமியும் மற்ற ஒன்பது பேரும் நின்றார்கள். தம்பிராஜா அவர்கள் முகங்களைப் பார்த்தார். பேனாவை வாங்கி, தகப்பனார் பெயரோடு முழுக் கையெழுத்தாகப் போட்டார்.

“இனி பதினோரு நாயையும் பதியணும்,” என்று கருணாகரன் முதல் பாரத்தை விரித்தான். வெள்ளைக்காரன் அடித்து வைத்துப்போன நாய் லைசென்ஸ் பாரம். ஆபீசர் பக்கத்தில் வந்து நின்று, செவலையின் கொம்பை வெகு நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

“இனம்?”

“நாய்.”

“நிறம்?”

“செவலை.”

“குலைக்குமா?”

“பசிச்சா மட்டும்.”

கருணாகரனின் மீசை ஒருமுறை துடித்து அடங்கியது. “கடிக்குமா?”

தம்பிராஜா செவலையின் கழுத்தைத் தடவினார்; வாளைப் பார்த்தார்; ஆபீசரின் முகத்தைப் பார்த்தார்.

“இதுவரைக்கும் கடிச்சதில்லே,” என்றார். “ஆனா ஒரு தரம் கேள்வி கேட்டிருக்கு.”

கருணாகரன் அதையும் எழுதிக்கொண்டான்.