அரை நூல்

என் கணவர் அற்புதராஜ் சோழவரம் கார் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று ஒரே ஒரு முறை பார்த்தார். அன்றிலிருந்து, மாமனார் விட்டுப்போன பியட்டைப் பந்தயக் கார் ஆக்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தெட்டில் ஓசூர் கடைவீதியில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போன காருக்கு என்ன பந்தயமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

முதலில் பெங்களூரிலிருந்து அகலமான சக்கரங்கள் வந்தன. பிறகு கார் தரையோடு ஒட்டி நிற்க வேண்டுமாம். மெக்கானிக் முனிவேல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், முன்பக்க ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்றை அறுத்தெடுக்க வைத்தார்.

"உசரம் கொறஞ்சா சக்கரம் கோணிக்கும் சார்," என்றார் முனிவேல். "முன்சக்கரம் ரெண்டும் அரை நூல் உள்ளாற பாத்து நிக்கணும். திங்கக்கெழம வாங்க, நானே வெச்சுத் தர்றேன்."

திங்கட்கிழமை வரை பொறுத்தால் இவர் பெயர் என்னாவது? என் தையல் பெட்டியிலிருந்து நூற்கண்டை எடுத்துப் போய், சக்கரத்துக்குச் சக்கரம் இழுத்துக் கட்டி, காருக்கு அடியில் படுத்து எதையோ திருகினார். நான் போய்ப் பார்த்தேன். முன்சக்கரங்கள் மாறுகண் போட்டுக்கொண்டு நின்றன.

"எவ்ளோங்க வெச்சீங்க?"

"அரை இஞ்ச். நூல் புடிச்சு அரைன்னு முனிவேல் சொன்னானே."

எங்கப்பா கொத்தனார். ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர்தான் நூல். முனிவேல் சொன்னது அதிலும் பாதி. மெட்ராஸில் வளர்ந்த இந்த மகாராஜா எட்டு மடங்கு வைத்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துச் சொன்னேன்.

"கொத்தனார் கணக்கெல்லாம் செவுத்தோட வெச்சுக்கோ," என்றார். "இது கார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டால் தெரியும் என்று என் நூற்கண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பத்து நாள் ஊரைச் சுற்றினார். முன் டயர்கள் இரண்டின் வெளியோரமும் தேய்ந்து மழுங்கிக்கொண்டே வந்தது. பதினோராம் நாள் கிருஷ்ணகிரியில் எனக்கு இன்டர்வியூ, சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய டீச்சர் டிரெயினிங் சான்றிதழ் மூன்று வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. பத்து மணிக்குள் போகாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியவளை இவர் விடவில்லை. ரேஸ் கார் வைத்திருக்கிறவன் பெண்டாட்டி பஸ்ஸில் போவதாவது என்றார்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் டயர் மட்கார்டில் உரசி அலறியது. சூளகிரிக்கு இரண்டு மைல் முன்னால் ஒன்று வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டினார். சூளகிரி தாண்டுவதற்குள் மற்றதும் வெடித்தது. அப்போது மணி எட்டே முக்கால்.

கை காட்டியதும் ஒரு பஸ் நின்றது. உள்ளே மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் தலையை நீட்டி, "ஒரு ஆளுதான் ஏறலாம்," என்றார்.

இவர் டயரைத் தோளில் தூக்கிக்கொண்டார். "நான் கிருஷ்ணகிரி போய் மாத்திட்டு வந்துடறேன். நீ காருக்குக் காவலா இரு."

"பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூங்க."

"அது அடுத்த வருஷமும் வரும்."

மூன்று வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவர் டயரைத் தோளில் சரியாக இருத்திக்கொள்வதற்குள் நான் படியில் ஏறிவிட்டேன். "நீங்க இருங்க. உங்க காருதான," என்றேன். கண்டக்டர் விசில் ஊதினார். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. சந்தோஷமாக இருந்தது.

பள்ளியில் தலைமை சிஸ்டர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வேலைக்கு வர வீட்டுக்காரருக்குச் சம்மதந்தானே சூசைமேரி? கூட வரலியா அவர்?"

"பாதி தூரம் வந்தாருங்க சிஸ்டர்," என்றேன். "மீதி நானே வந்துட்டேன்."