பாகன் கையிலிருந்த உளி

பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக அவள் சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணியை விரித்து, மேடுகள் தெரிவதற்காக அதன் அடியில் பழைய புத்தகங்களைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் அதைச் சொன்னான்.

"வாலு, இன்னிக்கு யானையெல்லாம் உன் அண்ணிகிட்ட குடுத்துடு. புதுசா ஆடறவ. யானை இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

அவள் கையிலிருந்த புத்தகத்தை இன்னும் உள்ளே தள்ளினாள். மேடு கோணலாகப் போயிற்று.

யானைகளை வாங்கியது அண்ணன். ஆனால் அவை யானையானது அவள் கையில். சாம்பல் நிறத்தில் மொண்ணையாக வந்த கட்டைவிரல் உயரப் பொம்மைகள். அண்ணன் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்த பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, காது மடலுக்கு வெளிறிய சிவப்பு, நகத்துக்கு மஞ்சள், முதுகு அம்பாரிக்கு நீலக்கோடு என்று ஒவ்வொன்றாகத் தீட்டினாள். பகலெல்லாம் தையல் கடைக்குப் பொத்தான் துளை எடுத்து மரத்துப்போகும் விரல்கள், சாயங்காலம் அந்த யானைகளைத் தொட்டால்தான் இளகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அண்ணனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பழங்காலப் போர்களை ஆடுவார்கள். யானைப்படை யாருக்கு என்ற பேச்சே வந்ததில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில், "பொம்மை வச்சு விளையாடற வயசா இது?" என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அண்ணியோ விதிப்புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். போதாததற்கு, அண்ணன் மட்டும் கூப்பிடும் 'வாலு'வை அவளும் எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் கிளப்புல ஜோடிப் போட்டி," என்றான் அண்ணன். "இன்னிக்கு யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க என்கூட. அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது."

"சண்டைக்குத்தானே மேசையே போட்டிருக்கு," என்றாள் அண்ணி.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவு ஒன்றும் பெரிய ஜோக் இல்லை. போன வருஷம் வரை அந்தப் போட்டிக்கு அவனோடு போனது தங்கையான அவள். ஜெயித்துக் காட்டு என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. அவளிடம் குதிரைப்படையும் ஈட்டி எறிபவர்களும். யானை வாடை பட்டால் குதிரைகள் கிட்டே போகாது என்பது விதி. அதைப் புரிந்துகொண்டு அண்ணி யானைகளை மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தினாள். அவள் தீட்டிய யானைகளே அவள் குதிரைகளை மூலைக்கு ஒதுக்கின. "அப்படித்தான்! என் பொண்டாட்டியா கொக்கா!" என்று அண்ணன் தொடையைத் தட்டினான். பிறகு டீ போட எழுந்து சமையலறைக்குப் போனான்.

அவன் முதுகு மறைந்ததும் அவள் ஈட்டிக்காரர்களைச் சிதறவிட்டாள். முதல் யானைக்குக் காயம் பட்டது. அடையாளமாக அதன் முதுகில் ஒரு சிவப்பு மணியை வைத்தாள்.

காயம் பட்ட யானை மிரண்டு ஓடும். எந்தப் பக்கம் என்பதைப் பகடை சொல்லும். எதிரில் இருப்பது சொந்தப் படையா எதிரிப் படையா என்று அது பார்க்காது. இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை அண்ணனும் அவளும் தாங்களாகவே சேர்த்திருந்தார்கள். பாகன் விரும்பினால், மிரண்ட யானையின் பிடரியில் உளி வைத்து அடித்து அங்கேயே சாய்த்துவிடலாம். யானை போகும், படை பிழைக்கும். அதை அண்ணிக்குச் சொல்ல அண்ணன் மறந்துவிட்டான்.

அவள் மறக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும் வாலு?"

"பகடை போடுங்க அண்ணி."

யானை திரும்பியது. அண்ணியின் வேல்படையை நடுவாகப் பிளந்துகொண்டு மேசை ஓரம் வரை போயிற்று. விழுந்த வீரர்களை அண்ணி ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். "ஐயோ பாவம், நம்ம ஆளுங்களையே மிதிச்சிடுச்சே!" கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சுக்குள் சர்க்கரை கரைந்தது.

அடுத்த முறையே இரண்டாவது யானைக்கும் மணி விழுந்தது. இது திரும்பினால் ஆட்டம் முடிந்தது. அண்ணி பகடையைக் கையில் எடுத்தவள், இன்னொரு கையால் யானையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் கண்கள். மணியைத்தான் அண்ணி பார்க்கிறாள் என்று அவள் நினைத்தாள்.

"இந்தப் பாகன் கையில என்ன வாலு? உளியா? அந்தக் கையில சுத்தியல்! ஊசி முனைய ஒடிச்சு ஒட்டினியா? அம்மாடி, எப்படிடி பண்ணே?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. அண்ணன் கண்டுபிடிப்பான் என்றுதான் அதைச் செய்தாள். ஊரார் பார்வையெல்லாம் சரிசெய்கிறவன். "சூப்பர் வாலு" என்று மேலோட்டமாகப் பார்த்துக் கீழே வைத்துவிட்டான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த யானையை வேண்டுமென்றே அவன் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்! கடைசியில் பார்த்தது இவள். இதையும் இவள்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

"ஆமா, யானைக்காரனுக்கு எதுக்கு உளி?"

சமையலறையில் கரண்டி டம்ளரில் இடித்தது. "யாரு ஜெயிக்கிறீங்க?" என்று அண்ணன் கத்தினான்.

அண்ணி பகடையை உள்ளங்கையில் மூடிக் குலுக்கினாள்.

"சரி, போட்டுடறேன்."

"இருங்க."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை மேசையைத் தாண்டிப் போய் அண்ணியின் மூடிய விரல்கள் மேல் விழுந்திருந்தது. அழுத்துகிறதா, பிடித்து நிறுத்துகிறதா என்று அதற்கே தெரியாததுபோல் அங்கேயே இருந்தது. அண்ணியின் இன்னொரு உள்ளங்கையில், சிவப்பு மணியைச் சுமந்துகொண்டு துதிக்கையைத் தூக்கி நின்றது யானை. அதன் பிடரிமேல் குனிந்திருந்த பாகன் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கியிருந்தான். உளியின் முனையில் ஜன்னல் வெளிச்சம் பொட்டாக மின்னியது.