ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை

சண்டை என்று வந்துவிட்டால் நான் பில், வாரண்டி அட்டை, குடிக்கத் தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். தில்லைநகர் சர்வீஸ் சென்டருக்கும் அப்படித்தான் போனேன். என் கணவர் ஜெய்சங்கர் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வாங்கி எட்டே மாதம். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் செத்துப்போனது. பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கு மினுக்கி அணையும், அவ்வளவுதான். உள்ளே என் ஆய்வேடு இருந்தது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆறு வருடமாக எழுதியது. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு வேறு எங்கும் நகல் இல்லை. "பென் டிரைவ்ல போட்டு வை பிரேமா" என்று இவர் நூறு தடவை சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

அங்கே எஞ்சினியர் ரோசரி என்ற பெண். உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உள்ள ஈரம் போயிருக்கு மேடம். ஈரம் பட்டா நிறம் மாறுற ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், அது செவந்துருக்கு. வாரண்டி கிடைக்காது."

எனக்கு வந்ததே கோபம். "லேப்டாப் பக்கத்துல நான் காபி டம்ளர்கூட வைக்க மாட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி படல. மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றேன். அவர்கள் நீட்டிய புகார்ப் படிவத்திலும் அதையே கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று அதற்கும் எரிச்சல்.

ரோசரி பதிலுக்குச் சண்டை போடவில்லை. கழற்றிய அடி மூடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். காற்றுப் போகும் துளைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். மோந்து பார்த்தேன். பன்னீர் வாசம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைப்பது இவர்தான். மிக்சி, ஸ்கூட்டர், ஸ்பேனர் பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்பார். லேப்டாப்பை மட்டும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் நான் சுண்டல் தாளிக்கப் போனேன்.

"மேல வச்சா நீ திட்டுவ. அதான் அடியில வச்சேன்" என்றார் மெல்ல. "உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு கொஞ்சம் தாராளமாவே வச்சுட்டேன்."

"துளை கண்ணுக்குத் தெரியலையா?"

"சாமி கும்பிடுறப்ப கண்ணாடியைக் கழட்டிடுவேன்ல."

கைலாசபுரத்து ஃபேக்டரியில் முப்பது வருடமாகக் கொதிகலன் பாகங்களைச் சோதிக்கிறவர். மயிரிழை விரிசலைக்கூட விட மாட்டார். கல்யாணத்தோடு நின்றுபோன என் படிப்புக்கு, நாற்பது வயதுக்கு மேல் விண்ணப்பம் வாங்கி வந்தவரும் இவர்தான். திட்ட வாயைத் திறந்தேன். பாவமாக இருந்தது, அதைவிடப் பாசமாக இருந்தது.

"போர்டுதான் போயிருக்கு. டிஸ்க் நல்லா இருந்தா ஃபைலை எடுத்துத் தரேன்" என்றாள் ரோசரி. "ஆனா தகராறு இருக்கிற மெஷின்ல நான் கை வைக்க முடியாது. வாரண்டி கேக்கலன்னு காரணத்தோட எழுதிக் கொடுத்துடுங்க."

கொட்டை எழுத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'ஆயுத பூஜை அன்று நான் சந்தனம் வைத்துவிட்டேன். வாரண்டி கோரவில்லை.'

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நீ வைக்கலையே."

"சும்மா இருங்க."

"தப்பான ரிப்போர்ட் போகக் கூடாது பிரேமா." பேனாவை வாங்கி, 'நான்' என்பதை அடித்துவிட்டு 'என் கணவர் ஜெய்சங்கர்' என்றும், 'வைத்துவிட்டேன்' என்பதை 'வைத்துவிட்டார்' என்றும் எழுதினார். ஃபேக்டரியில் செய்வதுபோல அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அரை மணி நேரம் கழித்து ரோசரி எங்களை உள்ளே கூப்பிட்டாள். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாள். ஆய்வேடு திறந்தது. கடைசி அத்தியாயத்தின் கடைசி வரிவரை இருந்தது.

"எல்லாம் இருக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுல போட்டுத் தரட்டும்?" என்று ரோசரி கேட்டாள். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதன் முதுகில் சிவப்பாக ஒரு பொட்டு.

நான் பார்த்த பார்வையில் அவசரமாகச் சொன்னார். "வெறும் குங்குமம்தான். தண்ணி சேர்க்கல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.