குளியலறைக் கூடை

சட்டைத் தொழிற்சாலையில் எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. அந்தக் கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. அதனால்தான் அத்தை என்னை வேவு பார்ப்பது உடனே தெரிந்துவிட்டது.

அத்தை என்றால் மாமியார். நாங்கள் மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரே குளியலறை, அதில் மூடி போட்ட ஒரு கூடை. மாதவிலக்கு நாட்களில் நான் சுற்றிப் போடும் பொட்டலங்களை, குப்பை வண்டி வந்ததும் அத்தைதான் எடுத்துப் போவார். சில மாதங்களாகப் பையைத் தூக்கும்போது கொஞ்சம் நிற்கிறார், கையாலேயே எடை பார்க்கிறார். ஒருநாள் என் அலமாரியில் துணிகள் நான் மடிப்பது போல இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு ரத்தப்போக்கு குறைந்துவிட்டது. வந்த சுவடு தெரியாமல் மறுநாளே நின்றுவிடுகிறது. வேலையிடத்துத் தோழிகள் "கொடுத்து வச்சவ" என்றார்கள். ஆனால் ஒரு வருடமாக நாங்கள் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இப்படிக் குறையும் என்று அத்தையின் காதில் யாரோ ஓதியிருக்க வேண்டும். மகனிடம் போட்டுக் கொடுத்து என்னை மூட்டை கட்ட வைக்கப் போகிறார்.

டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "நானும் வரேன்," என்றார் அத்தை.

"நான் லீவு போடட்டுமா?" என்றார் என் கணவர்.

"நீ வந்து என்ன பண்ணப் போற? ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருப்ப."

டாக்டரின் அறைக்குள்ளும் என்னுடன் ஒட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்.

"முன்னாடியும் இப்படிக் குறைவாத்தான் இருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

என்ன சொன்னாலும் அது அத்தையின் வாய்க்கு அவலாகிவிடும் என்று தோன்றியது. "எப்பவும் இப்படித்தான் டாக்டர்."

"மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"இல்ல."

"கரு தங்கிக் கலைஞ்சிருக்கா?"

எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அத்தை போட்ட சட்டம். "இல்ல," என்றேன்.

"சிலருக்கு உடம்பு வாகே அப்படி. பயப்பட ஒண்ணுமில்ல. தைராய்டுக்கு மட்டும் ரத்த டெஸ்ட் பண்ணிடலாம்." டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"பொய் சொல்றா டாக்டர்," என்றார் அத்தை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தொடர்ந்தார்.

"போன வருஷம் ஒண்ணு தங்கி, மூணாம் மாசம் கலைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில க்ளீன் பண்ணாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் அஞ்சு நாள் போகும், ரெண்டாம் நாள் எழுந்திருக்கவே மாட்டா. அதுக்கப்புறம்தான் இப்படி. குப்பையை நான்தான எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அப்படிச் சுத்தம் செய்தபின் சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவர் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் குறையவும் கரு தங்காமல் போகவும் அது காரணமாகலாம். கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார். ஒட்டியிருந்தால் பிரித்துவிடலாம், பலருக்குச் சரியாகியிருக்கிறது.

"இவங்க சொல்லலைன்னா உங்களச் சும்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "என் அலமாரியக் குடைஞ்சது நீங்கதான?"

"நான்தான். மாத்திரை ஒளிச்சு வச்சிருக்கியோன்னு பாத்தேன். ஒண்ணும் இல்லேன்னதும்தான் எனக்குப் பயம் புடிச்சுது."

"என்னையே கேட்டிருக்கலாம்ல?"

அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னதே நான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நானே கேக்கறது?"

சுற்றியதை அவிழ்த்துக்கொண்டே, "துணிய மாத்தி மடிச்சிட்டேனா?" என்றார்.

"எல்லாமே கோணல், அத்தை."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. கலைந்துபோன பிள்ளைக்காக அவர் எதிரில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அத்தையும் அழுதார்.