கண் கடைசியாக நிற்கும் இடம்

தையல்காரர் தன் சம்பந்தியை ஜெயிக்க ஆரம்பித்தது ஆட்டம் கைவந்ததால் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் மகள்கூட அப்பாவுக்கு இந்த வயதில் கை திருந்திவிட்டது என்றுதான் நம்பினாள். நம்புகிறவர்களை ஏமாற்றுவதுபோல லேசான வேலை உலகத்தில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் டயர் கடைக்கு மேலே இருந்த அறைக்கு வந்துவிடுவார்கள். ரப்பர் வாடை படியேறி வரும். உள்ளே ஒரே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, சுவரில் சாய்த்த கோல்கள், மூலையில் ஒரு பெஞ்சு. இடத்தை நடத்துகிறவனைக் கொட்டாவி என்பார்கள். அவன் வாயை மூடிப் பார்த்தவர் குறைவு. ஆட்டம் சாதாரணமானது. கோடு போட்ட பந்துகள் ஒருவருக்கு, கோடு போடாதவை இன்னொருவருக்கு. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அது போய் இடிக்கிற இடியில் தன் பந்துகளையெல்லாம் குழிக்குள் தள்ளிவிட்டு, கடைசியில் கறுப்பைத் தள்ளுகிறவர் ஜெயித்தவர். தோற்றவர் எல்லாவற்றையும் பொறுக்கி முக்கோணச் சட்டத்தில் அடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அடுக்கியவர் தையல்காரர்தான்.

சம்பந்தி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனாலும் வீட்டுக் கார் சாவியை மகன்கூடத் தொட முடியாது. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலும் சனிக்கிழமை ஓவிய வகுப்பிலும் விட்டுக் கூட்டி வருவது அவர்தான். அந்தக் குட்டி அவரை வண்டித் தாத்தா என்பாள், தையல்காரரைத் துணித் தாத்தா என்பாள். இரண்டு பேருக்கும் உள்ள ஒரே பேத்தி.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரும் டிரைவர் சம்பந்திதான். கற்றுக்கொடுத்தார் என்பதைவிடக் கிண்டல் அடித்தார் என்று சொல்லலாம்.

"வெள்ளையப் போய் ஏன் முறைக்கிறீங்க சம்பந்தி? அது உங்க மூக்குக்குக் கீழதானே கெடக்கு, எங்க ஓடிடப் போகுது? அடி விழுறப்ப கண்ணு தூரத்துப் பந்து மேல இருக்கணும். ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டா வண்டி ஓட்டுறாங்க?"

தையல்காரருக்குப் பிறந்ததிலிருந்து கிட்டத்துப் பார்வைதான் பழக்கம். காஜா, பித்தான், ஊசிமுனை. அதனால் எதிர்ப்பக்கம் போய் நின்று, சம்பந்தி குனியும்போது அவர் கண்ணைப் பார்த்துப் படித்தார். கண் வெள்ளைக்கு வரும், தூரத்துப் பந்துக்குப் போகும், மறுபடி வரும், மறுபடி போகும். கடைசியில் தூரத்துப் பந்தில் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் கை நகரும். பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. படித்தும் அவருக்கு வரவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்தக் கண்கள் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

மழை விட்ட சமயத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தக் கண்கள் வெள்ளையிலேயே நின்றன. தூரத்துக்குப் போய்த் தேடிவிட்டு, கிடைக்காதமாதிரி திரும்பி வந்து வெள்ளையில் நின்றன. முகம் கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல ஒரு பக்கமாகத் திரும்பியது. முகத்தோடு தோளும் திரும்ப, பந்து குழியின் உதட்டில் இடித்துத் திரும்பிவிட்டது.

"சாக்கட்டி எங்க வெச்சேன்?" என்று கேட்டார் டிரைவர்.

அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே, மேசை விளிம்பில், நீலமாக இருந்தது, கோல்முனையில் தேய்க்கிற அந்தச் சாக்கட்டி. அவர் பெஞ்சில் தேடினார், பையில் தேடினார்.

தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். "இதோ இருக்கு" என்று எடுத்துக் கொடுத்ததோடு சரி. தையல்காரர் முறை வந்தது. அடித்த பிறகு வெள்ளைப் பந்து உருண்டுபோய், சம்பந்தி நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது விளிம்போடு ஒட்டி நின்றது. தானாகப் போனதுதான் என்று அன்றைக்கு அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். டிரைவர் குனிந்தார், கழுத்தைத் திருப்பினார், கோல் விளிம்பில் சிராய்த்துக்கொண்டு போய் வெள்ளையை உரசியது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக டிரைவர் பந்து அடுக்கினார்.

அடுத்த வாரம் அது தானாகப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. எந்த ஓரத்தில் விட்டால் அவர் தடுமாறுவார் என்று அளவெடுத்துத் துணி வெட்டுகிற மாதிரி தையல்காரர் வெள்ளையைக் கொண்டுபோய் விட்டார். கொட்டாவி வாயை மூடிக்கொண்டு பார்த்தான். "பெரியவருக்கு யோகம் அடிக்குது" என்றான். அந்த வார்த்தை வீடுவரைக்கும் கூடவே வந்தது.

வாயைத் திறக்காததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். பெண்ணைக் கொடுத்த வீடு. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து உனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது, நாளைக்கு மகளை ஒரு வார்த்தை சொன்னால் யார் தாங்குவது? கேட்கிறதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பாதி பொய்களை நியாயம் மாதிரிதான் தைத்து வைத்திருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அடுக்குகிற வேலை மறுபடி தன் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கடைக்கு வந்தாள். பேத்தியின் சீருடைக்கு மடிப்பு அவிழ்த்து நீளம் விட வேண்டும். வந்தவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். மாமா காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வீட்டுக் கேட்டிலேயே காரை உரசிவிட்டாராம். இடது பக்கக் கதவு முழுக்கக் கோடாம். கேட்டால் தூண் நகர்ந்து வந்துவிட்டது என்கிறாராம். இத்தனை வருஷமாக அதே தூண், அதே கேட்.

"பாப்பா எங்க உக்காந்திருந்தா?" என்று கேட்டார் தையல்காரர்.

"பின்னாடி, இடது ஜன்னல்கிட்ட. அதுதான் அவ சீட்டு. கண்ணாடி தூண்ல பட்டுச்சே தாத்தா, என்ன சத்தம் பாத்தியான்னு கை தட்டினாளாம். ஏன்பா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

ஒன்றுமில்லை என்றார். அவள் போனபிறகு சீருடையை மிஷினில் வைத்தார். மடிப்பை அவிழ்ப்பதற்குப் பதிலாக அதன்மேலேயே இன்னொரு தையல் ஓடவிட்டார். பிரித்தார். மறுபடியும் அதே இடத்தில் ஓடவிட்டார். அந்தச் சின்னப் பாவாடை முழுக்க ஊசித் துளை. தூண் ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்று நினைத்தார். தூணுக்குப் பதிலாக லாரியாக இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்தக் கண்ணைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர் தான் ஒருவர்தான். தெரிந்ததை வைத்து என்ன செய்தோம்? பந்து தள்ளினோம்.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் படியேறினார். டிரைவர் ஏற்கெனவே வந்து கோலுக்குச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவை ஓவிய வகுப்பில் விட்டுவிட்டு வந்தாராம், ஆட்டம் முடிந்ததும் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டுமாம். கார் சாவி சட்டைப் பையில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தார். முதலில் ஒரு அடி அடித்துவிட்டுச் சொல்லலாம் என்று குனிந்தார். அடித்தார். வெள்ளைப் பந்து நிதானமாக உருண்டு, இடது விளிம்போடு போய் ஒட்டி நின்றது.

அதைப் பார்த்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. சொல்ல வந்த மனுஷனின் கை செய்த வேலை அது.

டிரைவர் குனிந்தார். கண் போனது, வந்தது, போனது, வந்தது. முகம் திரும்பியது.

"அடிக்காதீங்க சம்பந்தி" என்றார் தையல்காரர்.

"ஏன், பயமா?"

"உங்க கண்ணு வெள்ளையில நிக்குது."

டிரைவர் நிமிரவில்லை. கோல் கையில் அப்படியே நின்றது.

"தூரத்துப் பந்து உங்களுக்குச் சரியாத் தெரியல. இடது பக்கம் ஒண்ணுமே தெரியல. கேட்டுத் தூண்ல உரசினதும் அதனாலதான். பாப்பா அந்தப் பக்கம் உக்கார்றா சம்பந்தி."

கொட்டாவி எழுந்து கீழே போய்விட்டான். டிரைவர் மெதுவாக நிமிர்ந்து, தூசி விழுந்திருக்கும், பழக்கத்தில் ஓட்டுகிறவனுக்குக் கண் எதற்கு, இந்த ஊர் ரோடு எனக்கு மனப்பாடம் என்று என்னென்னவோ சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிறகு, இடது கண்ணில் ஓரத்தில் புகை மாதிரி வந்தது, துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை என்றார். சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்களாம். சாவி போனால் வீட்டில் அவர் யாராம்.

அதோடு முடிந்திருந்தால் தையல்காரர் நல்லவராகவே வீட்டுக்குப் போயிருப்பார். டிரைவர் மேசையைப் பார்த்தார். குனிந்து, விளிம்போடு ஒட்டி நின்ற வெள்ளைப் பந்தை விரலால் தடவினார்.

"எப்பலேருந்து தெரியும்?"

தையல்காரர் பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான், மகள் சொல்லித்தான் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது அது.

"மழை விட்டதிலேருந்து."

"மழை விட்டதிலேருந்துதான நீங்க ஜெயிக்கிறீங்க."

"ஆமா."

டிரைவர் கோலைச் சுவரில் சாய்த்தார். கோபப்படுவார், கத்துவார், சம்பந்தமே வேண்டாம் என்பார் என்று தையல்காரர் காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. டிரைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். தையல்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

"பாப்பா காத்துக்கிட்டிருப்பா. நடந்தே போலாம்" என்றார் டிரைவர். குரலில் ஒன்றுமே இல்லை.

படியிறங்கினார்கள். கார் வெயிலில் நின்றது. கதவில் அந்தக் கோடு, தையல் பிரிந்த துணி மாதிரி. இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போனார்கள். தெருவில் சைக்கிள்களும் தள்ளுவண்டிகளும் உரசிக்கொண்டு போயின. தையல்காரர் தன்னை அறியாமல் சம்பந்தியின் இடது பக்கமாகப் போய், அந்தப் பக்கம் வருகிறதையெல்லாம் கையால் விலக்கிவிட்டபடி நடந்தார். அது ஒன்றாவது செய்யலாமே என்று நினைத்தார்.

பத்தடி போனதும் டிரைவர் நின்றார்.

"சம்பந்தி, இந்தப் பக்கம் வாங்க."

"இல்ல, அந்தப் பக்கம் வண்டி வருது, நான் இங்க..."

"தெரியும். வண்டி வந்தா வரட்டும். அங்க நின்னு நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரியுற பக்கமா வாங்க."

தையல்காரர் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். சாவி உள்ளங்கையில் வேர்த்துப்போயிருந்தது. ஓவிய வகுப்பு வாசல்வரைக்கும் டிரைவரின் அந்த ஒரு நல்ல கண் ரோட்டைப் பார்க்கவில்லை. தையல்காரர்மேலேயே நின்றது.