காலி ரிட்டார்ட்டின் கோடு

இப்போதெல்லாம் யாரும் வாய் திறந்து எதையும் சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு போர்டு மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் போடாதீர்கள் என்று ஒரு போர்டு. செல்போனை அணைக்கவும் என்று ஒரு போர்டு. குடிதண்ணீர் என்று ஒரு போர்டு, அதற்குக் கீழே காலிக் கேன். ஒரு மணி நேரமாக அவரும் மருமகளும் அந்தச் சங்க அலுவலகத்தின் கூடத்தில் காத்திருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, விரலை மட்டும் நாற்காலிப் பக்கம் நீட்டினாள். நாயை விரட்டுவதற்குக்கூட ஒரு சொல் செலவழிப்பார்கள்.

சங்கம் என்றால் பெரியவருக்குத் தெரிந்தது கொடி பிடிக்கிற சங்கம்தான். இது படித்தவர்கள் சங்கம், உணவு விஞ்ஞானிகளும் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களும் சேர்ந்து வைத்திருப்பது. அங்கே என்னம்மா செய்வீங்க என்று மருமகளிடம் கேட்டதற்கு, கூட்டம் போடுவோம், புதுசாக வந்த முறைகளைப் பற்றிப் பேசுவோம், எப்படி நடந்துகொள்வது என்று நெறிமுறை வைத்திருக்கிறோம் என்றாள். டீ, பிஸ்கட் தருவாங்களா என்று கேட்டார். தருவார்கள் என்றாள். அப்படியானால் தெரிந்த சங்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். எதிர்ச் சுவரில் வருஷா வருஷம் விருது வாங்கியவர்களின் படங்கள். மூன்றாவது வரிசையில், கோட்டுப் போட்டு, கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொழிற்சாலை மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தான். மருமகளை வேலையை விட்டுத் துரத்தியவன்.

அது காய்கறிகளை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை. பெரியவர் அங்கே முப்பத்தோரு வருஷம் ரிட்டார்ட் ஓட்டியவர். ரிட்டார்ட் என்பது வேறொன்றுமில்லை, வீட்டுக் குக்கருக்கு அண்ணன். ஆள் உயரத்துக்கு இரும்பில் இருக்கும், மூடிய டின்களை உள்ளே அடுக்கி நீராவியில் வேகவைப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'பாய்லர்' என்று கூப்பிட்டார்கள். பாய்லர் பக்கம் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை, குணத்துக்கு வைத்த பெயர். அவர் ஓய்வு பெற்றபின் மருமகள் அதே இடத்தில் தரம் பார்க்கும் அதிகாரியாகச் சேர்ந்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டாணி வெந்துகொண்டிருக்கும்போது நடுவில் நீராவி இறங்கிவிட்டது. ரிட்டார்ட்டின் பக்கத்தில் ஒரு வட்டக் காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும், பேனா முள் ஒன்று உள்ளே இருக்கும் சூட்டை அதில் கோடாக வரையும். அந்தக் கோட்டில் நடுவே குழி விழுந்திருந்தது. நாலாயிரம் டின். அரைகுறையாக வெந்த டின்னுக்குள் ஒரு கிருமி பிழைத்திருந்தால் அது விஷம் கக்கும். நாற்றம் அடிக்க வேண்டுமென்பதில்லை, டின் உப்ப வேண்டுமென்பதில்லை. தின்றவனுக்கு நாக்குக் குழறி மூச்சு முட்டும்போதுதான் தெரியும். மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மறுநாள் குழி விழுந்த காகிதம் மாயமாகிவிட்டது. அதே சரக்குக்கு, குழியே இல்லாத அழகான கோட்டோடு வேறொரு காகிதம் கோப்பில் இருந்தது. அடியில், அவள் குத்தாமலே, அவளுடைய முத்திரை. அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் போய்க் கேட்டாள். சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது.

அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். வேலை போன வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று மேனேஜர் அங்கே முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான். காகிதம் பொய் என்று உங்கள் துறையில் விவரம் தெரிந்தவர்கள் எழுதித் தரட்டும், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். டின்களைக் கிடங்கில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவது வழக்கம். அந்த மூன்று வாரம் இன்றோடு முடிகிறது. நாளை விடிந்ததும் சரக்கு லாரியில் ஏறும்.

வீட்டில் அந்தப் படத்தை அவள் காட்டியதும் பெரியவர் ஒரே பார்வையில், "இது காலியா ஓட்டினது" என்று சொல்லிவிட்டார். எப்படி மாமா தெரியும் என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சங்கத்தின் தலைவி, வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய பேராசிரியை. ஒரு பக்கம் செயலாளர், மறுபக்கம் டை கட்டிய ஒருவர்.

"இது உறுப்பினர்களுக்கான விசாரணை. பெரியவர் வெளியில இருக்கலாமே" என்றார் டைக்காரர்.

"அதுக்கும் ஒரு போர்டு வெச்சிருக்கலாமே. படிச்சுட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பேன்."

"உக்காருங்க ஐயா" என்றாள் தலைவி.

டைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "புகார் வந்தா எதிர்த்தரப்புக்கு இருபத்தோரு நாள் அவகாசம் தரணும். அவரும் நம்ம உறுப்பினர். அவருக்கும் ஒரு பேர் இருக்கு."

"அந்தப் பட்டாணியைத் தின்னவனுக்கு எத்தனை நாள் தருவீங்க?"

"மாமா" என்று மருமகள் அவர் முழங்கையைத் தொட்டாள். தலைவி படத்தைத் திரையில் பெரிதாகப் போடச் சொன்னாள். எதை வைத்து இதைப் பொய் என்கிறீர்கள் என்று கேட்டாள். பெரியவர் எழுந்து போய்க் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. ஆறே நிமிஷத்துல உச்சிக்குப் போயிருச்சு. நாலாயிரம் டின்னு உள்ள உக்காந்திருந்தா அத்தனையும் சூட்டைக் குடிக்கும். பதினஞ்சு நிமிஷம் நொண்டி நொண்டித்தான் ஏறும். இது யாரோ துரத்தற மாதிரி ஓடியிருக்கு. இறங்கும்போதும் அப்படித்தான், ஆறவைக்கத் தண்ணி விட்டதும் கல்லு மாதிரி விழுந்திருக்கு. உள்ள ஒரு டின்னும் இல்ல. காலிச் சட்டியை அடுப்புல வெச்சு வரைஞ்ச கோடு."

"பாதி லோடா இருந்திருக்கலாம்" என்றார் டைக்காரர்.

"அப்ப நாலாயிரம்னு அதுல எழுதினது யாரு, உங்க தாத்தாவா?"

செயலாளர் குனிந்து பேனாவைத் தேடினார். டைக்காரர் சிரிக்கவில்லை. "ஐயா, காலி ரிட்டார்ட்டை யாரும் ஓட்ட மாட்டாங்க. அதோட கோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமான கேள்வி. அதனாலேயே பெரியவருக்கு அந்த ஆள் மேல் ஆத்திரமாக வந்தது. திரையைப் பார்த்தபடியே நின்றார். மருமகள் பக்கம் திரும்பவில்லை.

"ஓட்டியிருக்கேன்" என்றார்.

தலைவி பேனாவை எடுத்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். இதே மாதிரி நடுவுல ஆவி இறங்கிருச்சு. மேஸ்திரி சொன்னான், காலியா ஓட்டிப் புதுக் கோடு வரைஞ்சு குடுத்தேன். பழைய பேப்பரை நானே அடுப்புல போட்டேன்."

"அந்தச் சரக்கு?" என்று கேட்டாள் தலைவி.

"போச்சு."

"யாருக்காவது ஏதாவது..."

"தெரியாது. நாப்பத்தஞ்சு வருஷமா தெரியாது."

அன்றைக்கு ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்று அவர் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டதுண்டு. அது நிஜமா என்று அவருக்கே தெரியாது. மருமகளுக்கும் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இவள் சொன்னாள்.

தலைவி எழுதிக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்க இப்ப சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதணும். அது இல்லாம உங்க பேச்சுக்கு எடை இல்ல."

"எழுதுங்க. இனிமே என்னை எந்த வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க."

பிறகு அவர்களுக்குள் பேச்சு நடந்தது. ஆளைப் பற்றிய விசாரணைக்கு இருபத்தோரு நாள், அது விதி. சரக்கைப் பற்றி இன்றைக்கே எழுத எந்த விதியும் தடை சொல்லவில்லை என்றாள் தலைவி. டைக்காரர் இழுத்தார். "நாம உறுப்பினர்களுக்காக இருக்கிற அமைப்பு மேடம்."

"சேரும்போது எல்லாரும் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டோமே, அதுல முதல் வரி யாரைப் பத்தி? சாப்பிடறவங்களைப் பத்தி. நாமெல்லாம் ரெண்டாவது வரியிலதான் வர்றோம்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற பேச்சைக் கேட்டாலே பெரியவருக்குச் சந்தேகம். "லாரியை நிறுத்துவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"நிறுத்தற அதிகாரம் எங்களுக்கு இல்ல ஐயா. நிறுத்த வேண்டியவங்களுக்கு இது பொய்க் கோடுன்னு சொல்லலாம். நாங்க சொன்னா அவங்க தட்டிக் கழிக்கறது கஷ்டம்."

"வெளிய அவன் படம் பல்லைக் காட்டிட்டு இருக்கே, அதைக் கழட்டற அதிகாரமாவது இருக்கா?"

"விசாரணை முடியட்டும்."

"அதுவரைக்கும் சிரிச்சுட்டே இருப்பான்" என்றார்.

கடிதம் தயாராயிற்று. பெரியவர் தன் வாக்குமூலத்தின் அடியில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் பெயரை எழுதினார். தலைவியும் செயலாளரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் போட்டார்.

கூடத்துக்கு வந்ததும் மருமகள் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செயலாளர் வண்டி எடுக்கக் கீழே போயிருந்தார், ஐந்து மணிக்குள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கொடுத்தாக வேண்டும்.

"வீட்டுலயே ஏன் மாமா சொல்லல?"

"நீ கேட்டியா?"

"கேட்டேன். தண்ணி குடிக்கப் போயிட்டீங்க."

அவர் லிஃப்டின் பொத்தானை அழுத்தினார்.

"மூணு வாரமா நான் ஒருத்தியா சொல்லிட்டு இருந்தேன். இப்ப நாலு பேர் கையெழுத்து இருக்கு."

"கையெழுத்தைப் பார்த்து லாரி நிக்குமாக்கும்."

"நிக்கலாம். நீங்களும் வாங்க மாமா."

"நீ போ. உனக்குத்தான் இப்ப ஆள் இருக்காங்களே."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா என்று அவரால் படிக்க முடியவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார். கடிதம் போய்ச் சேரும், அதை அவர் நம்பினார். வாங்குகிறவன் பிரிப்பான் என்பதை நம்பவில்லை. பிரித்தாலும் அது நாளைக் காலைக்குள் ஒரு கதவைப் பூட்டும் என்பதை நம்பவேயில்லை. எத்தனை காகிதம் பார்த்தாயிற்று.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் வேலையாட்கள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் தப்பிய மதியச் சாப்பாடு. ஒருவன் டின் ஒன்றின் வளையத்தில் விரலை விட்டு இழுத்து மூடியை உரித்தான், மண் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பெரியவர் நின்று பார்ப்பதைக் கண்டு, "பெரியவரே, பசியா? ஒரு வாய் சாப்பிடறீங்களா?" என்று டின்னை நீட்டினான்.

பெரியவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது அவன் தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, டின்னின் அடியில் மிஞ்சியிருந்ததை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.